விறகடுப்பு எரியும் வீட்டில் காற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், பீடோர், பாகான் செராய் போன்ற தோட்டப்புறச் சிறுநகரங்களில் கேஸ் அடுப்பு இல்லாத வீடு இன்று அரிது. ஆனாலும் பல வீடுகளின் பின்கட்டில் ஒரு விறகடுப்பு இருந்துகொண்டே இருக்கிறது. வெந்நீருக்கு, ஆட்டிறைச்சிக்கு, கேஸ் அடுப்பில் உட்காராத பெரிய சட்டிக்கு, விசேஷ நாள் சமையலுக்கு அது வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் இருந்து வழக்கமாக வரும் கேள்விகள் இவை.

கேஸ் இருக்கும்போது விறகடுப்பை விட்டுவிட்டாலே போதாதா?

தினச் சமையலுக்கு அதுதான் சரி. 14 கிலோ கேஸ் தோம்பு அரசின் உதவித்தொகையோடு கிலோ 1 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு வீதம் 26 வெள்ளி 60 காசு ஆகிறது. வீட்டில் கொண்டு வந்து போட்டால் கூலி தனி. புகைபோக்கிக்கும் காற்றுச் சுத்திகரிப்பானுக்கும் செலவு செய்யுமுன், காலையும் மாலையும் ஆகும் சமையலை கேஸுக்கு மாற்றுங்கள். வேறு எந்த ஏற்பாடும் இந்த அளவுக்குப் பயன் தராது. கேஸ் எரியும்போதும் நைட்ரஜன் டைஆக்சைடு வரும் என்பதால் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் அதில் விறகுப்புகை போலத் தூசு கிடையாது.

இனி வருவது விறகடுப்பை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு.

விறகுப்புகை அவ்வளவு கெட்டதா? பாட்டி காலத்தில் எல்லாரும் அதில்தானே சமைத்தார்கள்?

சமைத்தார்கள், இருமவும் செய்தார்கள். புகையில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய நுண்தூசு. இதைப் பிஎம் 2.5 என்பார்கள். மூக்கு முடியும் சளியும் இதைத் தடுப்பதில்லை, நேரே நுரையீரலின் அடிக்குப் போய்விடும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவுப்படி, ஒரு நாள் சராசரி கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, ஆண்டுச் சராசரி 5ஐத் தாண்டக் கூடாது. புகைபோக்கி இல்லாத விறகடுப்பு எரியும் அடுப்படியில் இது சில நூறு, சில நேரம் ஆயிரத்துக்கும் மேல் போகும்.

இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கண்ணெரிச்சல் தருவது தூசு. ஆளைச் சாய்ப்பது இந்த வாயு. கண் எரியவில்லை என்பதால் காற்று நல்லது என்று ஆகிவிடாது.

விறகு முதலான எரிபொருள்களை வீட்டுக்குள் எரிப்பதால் வரும் புகையை, புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. அதிகம் சுவாசிப்பவர்கள் அடுப்பு முன் நிற்பவரும் அவர் இடுப்பில் இருக்கும் பிள்ளையும்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

விறகில் இருந்து. பிறகு தீ மூட்டும் விதம், அதன் பிறகு புகைபோக்கி, அப்புறம் சன்னலும் காற்றாடியும். சுத்திகரிப்பான் கடைசி. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: ஈர விறகை எரித்துக்கொண்டே கடையில் போய் மெஷின் வாங்குகிறார்கள்.

பால்மர (ரப்பர் மர) விறகு நல்லதா?

நல்ல விறகு, காய்ந்திருந்தால். மறுநடவுக்காக 25, 30 வருட மரங்களைச் சாய்க்கும்போது லோரிக் கணக்கில் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், வெட்டிய பால்மரத்தில் நீர் ஏராளம். அது பூஞ்சைக்கும் வண்டுக்கும் சீக்கிரம் இரையாகும் மரமும்கூட. கட்டையாகவே மண்ணில் போட்டு வைத்தால் காய்வதற்குமுன் இற்றுவிடும்.

ஈர விறகு ஏன் புகைகிறது? ஒரு லிட்டர் நீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 2.6 மெகாஜூல் வெப்பம் போகும்; ஒரு கிலோ உலர்ந்த விறகு தருவது மொத்தமே 18 மெகாஜூல் அளவுதான். வெப்பம் வீணாவது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், அடுப்பின் சூடு இறங்கிவிடுவது. மரத்திலிருந்து கிளம்பும் தார் ஆவி எரிய ஏறத்தாழ 600 பாகை வெப்பம் வேண்டும். அந்தச் சூடு இல்லாதபோது அது எரியாமலே புகையாக வெளியேறுகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை, எரியாமல் போன உங்கள் விறகுதான்.

காய வைக்கும் முறை இது. வெட்டிய வாரத்திலேயே மூன்று நான்கு விரல் தடிப்புக்குப் பிளந்துவிடுங்கள். பட்டையோடு இருக்கும் முழுக்கட்டை பக்கவாட்டில் காயவே காயாது. தரையிலிருந்து அரையடி உயரத்தில் இரண்டு செங்கல் வரிசையோ இரும்புக் குழாயோ வைத்து, அதன்மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே தகரம் வேண்டும், நான்கு பக்கமும் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயால் சுற்றி மூடுவது பொதுவான தவறு. உள்ளே வேர்த்து, இரண்டு வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிடும். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல் என்பதால், சனவரி பிப்ரவரியிலோ சூன் சூலையிலோ பிளந்து அடுக்கினால் மூன்று மாதத்தில் எரிக்கும் பதத்துக்கு வரும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு துண்டைக் குறி போட்டு வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்கவில்லை என்றால் காய்ந்துவிட்டது. ஈரமானி இருந்தால் துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளித்தோலில் அல்ல. 20 விழுக்காட்டுக்குக் கீழ் வந்தால் போதும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு, எத்தனை மாதம் வைத்தாலும் 15க்குக் கீழே இறங்குவது கடினம். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கருவி இல்லாதவர்கள் இரண்டு துண்டைத் தட்டிப் பார்க்கலாம்: காய்ந்தது 'டங்' என்று கேட்கும், ஈரம் 'தொப்' என்று கேட்கும்.

குசினிக்குள் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வாருங்கள். அடுப்பு மூலையில் ஒரு வார விறகை அடுக்கினால் பூஞ்சைத் துகளும் வீட்டுக்குள் வரும். பூரானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

செம்பனை மட்டை, தேங்காய்ச் சிரட்டை?

சிரட்டை அருமையானது. சூடு அதிகம், ஈரம் குறைவு. ஆனால் ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் காற்றுப் போதாமல் கரும்புகை கக்கும், நாலைந்து சில்லாகப் போடுங்கள். செம்பனை மட்டை நன்றாகக் காய்ந்தால் பற்ற வைக்க உதவும், நின்று எரியாது. செம்பனைத் தண்டை விறகு என்று கொண்டு வந்து இறக்கினால் வாங்காதீர்கள். அது நீர் ஊறிய பஞ்சு.

எதை எரிக்கவே கூடாது?

பிளைவுட், பழைய அலமாரிப் பலகை, சாயம் பூசிய சட்டம், ரயில் தண்டவாளத்தின் பழைய மரக்கட்டை, மருந்தேற்றிய பச்சை நிற மரக் கம்பம். பலகைகளில் பசை, வண்ணத்தில் பழைய ஈயம், தண்டவாளக் கட்டையில் தார் எண்ணெய், பச்சைக் கம்பத்தில் ஆர்சனிக் இருக்கக்கூடும். தளவாட ஆலையிலிருந்து வரும் பால்மரத் துண்டுகளும் பூச்சி வராமலிருக்கப் போரான் மருந்து ஏற்றப்பட்டவை, பசை ஒட்டியவையும் கலந்திருக்கும். சமையல் அடுப்புக்கு அவை வேண்டாம்.

மரப் பேலட் உடைத்து எரிப்பவர்கள் அதன் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததையும் ஒதுக்குங்கள்.

பற்ற வைக்க டயர் துண்டு, சைக்கிள் டியூப், காய்ந்த ரப்பர்பால் துண்டு போடும் பழக்கம் தோட்டத்தில் இருந்து வந்தது. டயரில் கந்தகம் உண்டு. எரிந்தால் தொண்டையை அறுக்கும் சல்பர் டைஆக்சைடு வரும். ரப்பர்பால் துண்டு கொழுந்துவிட்டு எரியும், கூடவே சட்டி அடியில் விரல் தடிப்புக்குக் கரியும் அப்பும். அந்தக் கரியில் ஒரு பங்கு உங்கள் மூக்குக்கும் போகிறது. பிளாஸ்டிக் பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பற்ற வைக்கும் முதல் பத்து நிமிடம்தான் புகை தாங்க முடியவில்லை.

அடுப்பு குளிர்ந்திருப்பதால் அப்படித்தான் இருக்கும். குறைக்க வழி உண்டு. பெரிய விறகை அடியில் இரண்டாக வைத்து, அதன்மேல் குறுக்காகக் கட்டைவிரல் தடிப்புத் துண்டுகள், உச்சியில் பென்சில் அளவுச் சுள்ளியும் காகிதமும் வைத்து, மேலிருந்து பற்ற வையுங்கள். கீழே சூடேறிக் கிளம்பும் புகை மேலே உள்ள தீயின் வழியாகப் போக வேண்டியிருப்பதால் அங்கேயே எரிந்துவிடும். கீழே பற்ற வைத்தால் அதே புகை குளிர்ந்த விறகின் வழியாக மேலே வந்து, எரியாமல் உங்கள் முகத்துக்கு வரும்.

விறகின் அடியில் காற்றுப் போக ஓரிரண்டு அங்குல உயரத்தில் ஒரு இரும்புக் கம்பிச் சட்டம் வையுங்கள். சாம்பல் மேட்டில் நேராக விறகை வைத்தால் அடியில் மூச்சு முட்டும். ஊதுகுழலால் ஊத வேண்டிய நிலை வருகிறதென்றால், அடுப்புக்குக் காற்று வழி போதவில்லை என்று பொருள்.

எரியும்போது விறகைச் சேர்ப்பதும் ஒரு கணக்கு. ஒரு பெரிய கட்டையைத் திணித்து விட்டுப் போவதைவிட, ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு சிறு துண்டாகத் தள்ளுவது புகையை வெகுவாகக் குறைக்கும். சமையல் முடிந்ததும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை வாசலுக்கு வெளியே செய்யுங்கள். அந்த ஒரு நிமிடப் புகை வீடு முழுக்கப் போகும்.

கரி அடுப்பு புகைக்காது. அதற்கு மாறலாமா?

கோலா செப்பெத்தாங்கின் பாக்காவ் (அலையாத்தி மர) கரி நல்ல கரி. தூசு குறையும் என்பதும் உண்மை. ஆனால் கார்பன் மோனாக்சைடு விறகைவிட அதிகம் வரும், அதுவும் புகை தெரியாமல். கரி அடுப்பு அஞ்சடியிலோ (வாசல் தாழ்வாரம்) திறந்த பின்கட்டிலோ மட்டும். கதவு சாத்திய அறைக்குள் ஒருபோதும் வேண்டாம். மழை வந்தது என்று எரியும் கரியை உள்ளே தூக்கி வருவதும் அதில் சேரும்.

புகைபோக்கி போட என்னென்ன வேண்டும்?

குழாயின் விட்டம் 6 அங்குலம். அடுப்பிலிருந்து குழாய் உச்சி வரை மொத்தம் 12 அடியாவது இருக்க வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி மேலே போக வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் கூரை முகடோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருந்தால், அதைவிட 2 அடி உயரம். இந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கூரைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தியதால்தான் பாதி வீடுகளில் புகை திரும்பி வருகிறது. முகட்டில் மோதிச் சுழலும் காற்று குழாய்க்குள் புகையை அழுத்திவிடும்.

குழாய் நேராக ஏறட்டும். வளைவு தவிர்க்க முடியாதென்றால் 45 பாகையில் இரண்டு வளைவு, அதற்குமேல் வேண்டாம். சுவரைத் துளைத்துக் கிடையாகக் கொண்டுபோய் வெளியே நிமிர்த்தும் முறை இழுக்காது, கரியும் அந்தக் கிடைப் பகுதியில் போய் அடையும்.

எந்தக் குழாய் என்பதில் ஏமாறாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைப்பது துத்தநாகம் பூசிய குழாய். அந்தப் பூச்சு 200 பாகை வரைதான் தாங்கும். அடுப்பை ஒட்டிய பகுதியில் சூடு அதைத் தாண்டிப் போகும், பூச்சு உரிந்து புகையத் தொடங்கும். அடுப்பிலிருந்து முதல் 6 அடிக்காவது கறுப்பு இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள், மேலேயும் அதுவே என்றால் இன்னும் நல்லது. மழைநீர்க் குழாயாகப் போடும் பிவிசி உருகி எரியும்.

குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது மேல் துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த் துண்டுக்குள் நுழைய வேண்டும். பலர் மாற்றிப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் உள்ளே வழியும் தார் இணைப்பு வழியாக வெளியே கசிந்து சுவரில் கறுப்புக் கோடு போடும்.

கூரைச் சட்டம், பலகைச் சுவர் எல்லாம் மரம் என்பதை மறக்கக் கூடாது. ஒற்றைச் சுவர்க் குழாயிலிருந்து மரம் 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். அடுப்பு உடம்பிலிருந்து 3 அடி. இடம் போதாத வீட்டில் சுவருக்கும் குழாய்க்கும் நடுவே தகரத் தகடு வையுங்கள். தகட்டைச் சுவரில் ஒட்டி அடிக்காமல், ஓர் அங்குல இடைவெளி விட்டு ஆணியோடு நிறுத்துங்கள். இடையில் காற்று ஓடினால்தான் சுவர் குளிரும். தகடு இருந்தாலும் குழாயை முடிந்த மட்டும் தள்ளியே வையுங்கள்.

உச்சியில் மழைத்தொப்பி வேண்டும். குழாய் வாய்க்கும் தொப்பிக்கும் நடுவில் 6 அங்குலம் விடுங்கள். அதிலும் குறைந்தால் தொப்பியே மூடிபோல் ஆகிவிடும்.

அடுப்புப் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சட்டி உட்காரும் வாய் இறுக்கமாக இருக்க வேண்டும். சட்டிக்கும் விளிம்புக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் புகை குழாய்க்குப் போகாமல் அந்த வழியாகவே வரும். இரட்டை அடுப்பில் ஒரு வாயில் சட்டி இல்லாதபோது மூடி போடுங்கள்.

எல்லாம் சரியாகப் போட்டும் முதலில் புகை குசினிக்குள்ளேயே வருகிறது. ஏன்?

புகைபோக்கி இழுப்பது, உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால். குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர் என்பதால் குழாய் தானாகவே இழுக்கத் தொடங்கும். நமக்கு உள்ளேயும் 30 பாகை, வெளியேயும் 30 பாகை. குழாய் சூடேறும் வரை இழுப்பு இல்லை. அதனால் விறகைப் பற்ற வைக்குமுன் இரண்டு தாள் செய்தித்தாளை முறுக்கிப் பற்ற வைத்துக் குழாயின் அடிவாயில் காட்டுங்கள். அரை நிமிடத்தில் தீ மேல்நோக்கி இழுபடுவது தெரியும். பிறகு விறகு.

அரை மணி நேரம் ஆகியும் புகை வந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: குழாய் உயரம் போதவில்லை, உள்ளே கரி அடைத்திருக்கிறது, அல்லது வீட்டில் எங்கோ காற்றாடி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

எக்ஸாஸ்ட் காற்றாடி போட்டால் புகைபோக்கி தேவையில்லையா?

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரியாகக்கூட ஆகலாம். சன்னலைச் சாத்திவிட்டுக் காற்றாடியைப் போட்டால், வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். அது புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கும், புகையோடு. புகைபோக்கி இருக்கும் குசினியில் காற்றாடி போடும்போதெல்லாம் கதவோ சன்னலோ திறந்திருக்கட்டும்.

புகைபோக்கி இல்லாத இடத்தில் காற்றாடி உதவும். 10க்கு 10 அடி, 9 அடி உயரக் குசினியின் கொள்ளளவு 25 கனமீட்டர். அந்தக் காற்றை மணிக்கு 15 முதல் 20 முறை மாற்ற வேண்டும் என்று வைத்தால் 375 முதல் 500 கனமீட்டர் வெளியேற்றும் காற்றாடி வேண்டும். அளவு பெட்டியில் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். பொருத்தும் இடம் அடுப்புக்கு மேலே, கூரைக்குக் கீழே ஓரடிக்குள். அடுப்பின் எதிர்ச்சுவரில் போட்டால் புகை சமைப்பவரின் முகத்தைக் கடந்துதான் போகும். காற்று உள்ளே வரும் வழி அடுப்புக்கு எதிர்ப்பக்கம், தாழ்வாக இருக்க வேண்டும்.

கொசுவலை அடித்த சன்னலும் ஒரு சிக்கல். டெங்கிக் காலத்தில் வலையை எடுக்கச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணெயும் கரியும் படிந்த வலை பாதிக் காற்றைக்கூட விடாது. மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

அடுப்படியில் புகை இல்லை, ஆனால் படுக்கையறையில் வாடை. எப்படி?

பழைய லயத்து வீடுகளில் (தோட்டத்துத் தொடர்வீடுகள்) நடுச்சுவர் கூரை வரை போகாதவை உண்டு. சூடான புகை நேரே மேலேறி, கூரைக்கடியில் பரவி, சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கு இறங்கும். பல லயங்களில் அடுத்த வீட்டுக்கும் போகும். கூரைக்கும் சுவர்த்தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சிமெண்டுப் பலகையால் அடையுங்கள். அதற்கு முன்பு குசினிக் கூரையில் புகைக்கு வேறு வழி திறந்து விடுங்கள். முகட்டில் ஒரு தகரத்தை அரையடி தூக்கி நிறுத்தினாலே போதும். வழியே இல்லாமல் அடைத்தால் புகை சமைப்பவர் தலைமேல் தங்கிவிடும்.

எங்கள் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடு. அதில் துளை போடலாமா?

போடாதீர்கள். அறுக்கும்போதும் துளைக்கும்போதும் கிளம்பும் நார்த்தூசு விறகுப்புகையைவிட மோசமானது, நுரையீரலில் போனால் திரும்பி வராது. குழாய் வரும் இடத்தில் உள்ள ஒரு தகட்டை மட்டும், அந்த வேலை தெரிந்தவரைக் கொண்டு, தண்ணீர் தெளித்து உடைக்காமல் கழற்றி எடுத்துவிட்டு, அங்கே இரும்புத் தகரம் போட்டுத் துளையுங்கள். அல்லது அடுப்பையே வீட்டை விட்டு வெளியே, தனித் தகரக் கொட்டகைக்கு மாற்றுங்கள். இரண்டாவதுதான் மலிவு.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா? ஏர்கான் போதாதா?

சுவரில் மாட்டும் ஏர்கான் அறையின் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். வெளிக்காற்றைக் கொண்டு வராது. அதன் வலை முடி, பஞ்சுதூசியைப் பிடிக்கும், புகையைப் பிடிக்காது.

ஹெப்பா வடிகட்டி உள்ள சுத்திகரிப்பான் நுண்தூசைப் பிடிக்கும். வாங்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்று தருகிறது என்ற அளவைப் பாருங்கள். அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தபட்சம். 120 சதுர அடி அறைக்கு 80. புகைமூட்டக் காலத்துக்கு 120 இருந்தால் நிம்மதி. வைக்கும் இடம் கதவு சாத்தக்கூடிய படுக்கையறை. குசினியில் வைத்தால் எண்ணெய்ப்பசை வடிகட்டியைச் சில வாரத்தில் அடைத்துவிடும், திறந்த சன்னலில் ஊரையே வடிகட்டப் பார்க்கும்.

எந்தச் சுத்திகரிப்பானும் கார்பன் மோனாக்சைடை எடுக்காது.

புகைமூட்டக் காலத்தில் என்ன செய்வது? சன்னலைத் திறக்கச் சொல்கிறீர்கள், வெளியேயும் புகைதானே?

இதுதான் நம் ஊருக்கே உரிய சிக்கல். 1997, 2005, 2013, 2015, 2019 போன்ற ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகை வாரக்கணக்கில் நின்றது. 2013 சூனில் ஜொகூரின் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாள்களில் சன்னலைச் சாத்த வேண்டும். சாத்திய வீட்டில் விறகடுப்பு எரிக்கக் கூடாது. ஆகவே குறியீடு 100ஐத் தாண்டும் நாள்களில் விறகே வேண்டாம். கேஸ், மின்சாரச் சோற்றுப் பானை, ஒரே சட்டிச் சமையல். ஊதுவத்தியும் கொசுவத்தியும் சேர்த்து ஒத்திவையுங்கள்.

குறியீட்டைப் படிப்பதில் ஒரு சூட்சுமம். 0 முதல் 50 வரை நல்லது, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியக் கேடு, 300 வரை கடும் கேடு, அதற்கு மேல் ஆபத்து. நுண்தூசுக்கான எண் கடந்த 24 மணி நேரச் சராசரியைப் பொறுத்தது என்பதால், காலையில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை இறங்கினாலும் எண் மெதுவாகத்தான் ஏறும். கண்ணை நம்புங்கள்.

ஓர் அறையை மட்டும் சுத்த அறையாக வைத்துக்கொள்ளுங்கள்: சன்னல் இடுக்கில் ஈரத்துணி, உள்ளே சுத்திகரிப்பான், கதவு சாத்தல். பிள்ளைகளும் இழுப்பு நோய் உள்ளவர்களும் அங்கே தூங்கட்டும். மழை பெய்து வெளியே தெளிந்த உடனே வீட்டைத் திறந்து விடுங்கள்.

கொசுவத்தி, சாம்பிராணி இவையும் கணக்கில் வருமா?

வரும், பலர் நினைப்பதைவிட அதிகமாக. சீன, மலேசியக் கொசுவத்திகளை வைத்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று தெரிந்தது. விறகடுப்பைச் சீர்திருத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் இரவு முழுக்கச் சுருளை எரிப்பதில் பயனில்லை. கொசுவலையும் மின்விசிறியும் போதும். வத்தி வேண்டுமென்றால் அஞ்சடியில்.

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விட யாரும் சொல்லவில்லை. கரண்டியில் கரித்துண்டை வெளியே கனிய வைத்து உள்ளே கொண்டு வாருங்கள், கதவு சன்னல் திறந்திருக்கும்போது காட்டி, முடிந்ததும் கனலை வெளியே வைத்துவிடுங்கள். மூலையில் அணையாமல் விட்டுவிட்டுத் தூங்குவதுதான் தப்பு.

பிறந்த குழந்தைக்குக் குளிப்பாட்டி சாம்பிராணி காட்டலாமா?

வேண்டாம். பச்சைக் குழந்தை நிமிடத்துக்கு 40, 50 முறை மூச்சு விடும். நம்மைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். முடி காய மெல்லிய துண்டு போதும். பிரசவித்த தாய்க்குச் சூடு வேண்டுமென்று கனல் சட்டியைச் சாத்திய அறையில் வைப்பது இன்னும் ஆபத்து. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு தாக்கியதை எப்படி அறிவது?

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், காய்ச்சல் இல்லாமல். வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் தெளிகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். எல்லாரையும் வெளியே கொண்டு வந்து 999ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள். அதற்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தத்துக்கும் இந்த வாயு ஏறிய இரத்தத்துக்கும் வேறுபாடு தெரியாது, ஆள் மயங்கும்போதும் 98 காட்டும்.

எச்சரிக்கை மணி வாங்கினால் ஐரோப்பியத் தரம் 50291 அச்சிட்டதாகப் பாருங்கள். அது 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவில் 60 முதல் 90 நிமிடத்திலும், 100 பிபிஎம் அளவில் 10 முதல் 40 நிமிடத்திலும், 300 பிபிஎம் அளவில் 3 நிமிடத்துக்குள்ளும் அலறும். படுக்கையறையில் தலையணை உயரத்தில் மாட்டுங்கள். பின்னால் அச்சிட்ட காலாவதி ஆண்டு முடிந்தால் பேட்டரி மாற்றிப் பயனில்லை, மணியையே மாற்ற வேண்டும்.

நுண்தூசு அளக்கும் சிறு கருவி வாங்கினோம். காலையில் அடுப்பு பற்ற வைக்காமலே எண் ஏறுகிறது.

அது லேசர் ஒளியில் துகளை எண்ணும் கருவி. ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும் விடியற்காலையில் நீர்த்துளியையும் தூசாக எண்ணும். சோற்றுப் பானையின் ஆவியும் அப்படியே. தனி எண்ணைப் பார்த்துப் பதறாமல், அடுப்புக்கு முன், எரியும்போது, அணைத்து ஒரு மணி நேரத்துக்குப் பின் என மூன்று முறை ஒரே இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி போட்டபின் அதே மூன்றையும் எடுங்கள். வித்தியாசம்தான் பேசும்.

முகக்கவசம் போட்டுச் சமைக்கலாமா? வீட்டுச்செடி காற்றைச் சுத்தம் செய்யுமா?

முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 தூசைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. செடி அழகுக்கு.

கேமரன் மலையில் குளிருக்கு அறைக்குள் விறகு எரிக்கிறார்கள். அவர்களுக்கும் இதே விதிகளா?

அங்குள்ள தானா ராத்தா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல்; இரவில் கம்பளி வேண்டியிருக்கும். அங்கே சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள் என்பதால் விதிகள் இன்னும் கடுமை. கதவுள்ள மூடிய இரும்பு அடுப்பு, தனிப் புகைபோக்கி, எச்சரிக்கை மணி மூன்றும் இல்லாமல் அறைக்குள் தீ கூடாது. அடுப்புக் கதவில் ஒரு வெள்ளி நோட்டை (பணத்தாள்) வைத்துச் சாத்தி இழுங்கள். சுலபமாக வந்துவிட்டால் கதவின் கயிற்று விளிம்பு தேய்ந்துவிட்டது. இரவு முழுக்கப் புகையட்டும் என்று காற்று வழியை அடைத்துவிட்டுத் தூங்குவது, தாரையும் நச்சுவாயுவையும் சேர்த்து உண்டாக்கும் வழி. சிறிய தீயாக, சூடாக எரித்து முடித்துவிட்டுப் போர்வைக்குள் போங்கள்.

புகைபோக்கியை எப்போது துடைப்பது? சாம்பலை என்ன செய்வது?

உள்சுவரில் படிந்த கரி 3 மில்லிமீட்டரை எட்டினால் துடைக்க வேண்டும். தினமும் எரிப்பவர்களுக்கு இரண்டு மூன்று மாதம். ஆறியபின், குழாய் அளவுக்குக் கம்பித் தூரிகையை மேலிருந்து இறக்குங்கள், அடியில் ஈரச் சாக்கு கட்டி வையுங்கள். பளபளப்பாகத் தார் இறுகியிருந்தால் தூரிகை ஏறாது. அது ஈர விறகின் வேலை, அந்தத் தார் பற்றிக்கொண்டால் கூரையோடு போகும். அந்தத் துண்டைக் கழற்றி மாற்றிவிடுங்கள்.

சாம்பலை அள்ளுமுன் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டினால் அந்தத் தூசு மாலை வரை வீட்டில் மிதக்கும். மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு வெளியே வையுங்கள், பிளாஸ்டிக் வாளியில் வேண்டாம். மேலே வெளுத்துப் போனாலும் உள்ளே கனல் சில நாள்வரை உயிரோடு இருக்கும், அதுவும் அதே வாயுவை விட்டுக்கொண்டே. முழுக்க ஆறியபின் முருங்கைக்கோ வாழைக்கோ ஒரு பிடி தூவலாம். மீதியை மழைக்கு நனையாத இடத்தில் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.